எடை போடாத பால்

2003 மே மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பதினோரு பையன்களை எழுப்பி உட்காரவைத்து, படிவத்தைப் பார்த்தபடி சர்வேக்காரர் கேட்டார்: "இந்த வீட்டில் இப்போது சினையாக இருப்பவை எத்தனை?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிதான் முதலில் தெளிந்தான். "அப்படி யாரும் இல்ல சார்" என்றான்.

அவர் 'இல்லை' என்று எழுதினார். "கறவையில் இருப்பவை?"

"மாட்டையா சார் கேக்கிய? இங்க நாங்க கால் நீட்டவே எடம் இல்ல."

"இருக்கா, இல்லையா?"

"இல்ல சார்."

"கன்று? பெட்டைக் கன்று தனியா, காளைக் கன்று தனியாச் சொல்லுங்க."

படிவம் மூன்று பக்கம். ஒரு கேள்வியைக்கூட அவர் விடவில்லை. பசுந்தீவனம் எவ்வளவு வைக்கிறீர்கள் என்பதற்கு வந்தபோது இரண்டு பையன்கள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார்கள். கடைசியில் இசக்கிக்கே மனசு கேட்கவில்லை. "எங்க அம்மைட்ட ஒரு மாடு இருந்துச்சு சார். அத வித்துத்தான் என்னைய ஐடிஐ-ல சேத்தா. வேணும்னா அத எழுதிக்கிடுங்க" என்றான்.

"அது வேற மாவட்டம்" என்றார் அவர். "அங்க ஒருத்தர் எழுதியிருப்பார்."

நான் அப்போது எங்கள் ஊர்ப் பால் சங்கத்தின் செயலாளர். பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், பாதி ஊர் ஏற்கெனவே ஒரு தொழிற்சாலையின் மதில் சுவருக்குள் போய்விட்டது. சர்வேக்காரர் வந்தால் செயலாளர் கூடவே போக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருந்ததால், இதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. அன்றன்றைக்கு நடந்ததைத் தேதியோடு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் இதில் கற்பனைக்கு அவ்வளவாக இடமில்லை.

அவர் வேலை இதுதான்: வீடுகளில் எவ்வளவு பால் கறக்கிறார்கள் என்று அளப்பது. நாட்டிலுள்ள எல்லா மாட்டையும் அளக்க முடியாது என்பதால், சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊர்களில் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே கறப்பதை வைத்து மற்றதைக் கணக்கிடுவார்கள். அதற்கு மாதிரிப் பட்டியல் என்று பெயர். எங்கள் ஊரில் பட்டியலில் ஏறியவை மூன்று வீடுகள். 1998-இல் அவர் முதன்முதலாக வந்தபோது மூன்றிலும் மாடு இருந்தது. பிறகு தொழிற்சாலைகள் வந்தன, நிலம் போனது, மாடுகளும் போயின. பட்டியல் மட்டும் போகவில்லை. அதைப் புதுப்பிப்பது வேறொரு பிரிவின் வேலை, அந்தப் பிரிவில் ஆள் இல்லை. அந்தக் காலியிடத்தை நிரப்புவது இன்னொரு பிரிவின் வேலை.

ஆக, முதல் வீட்டின் மாட்டுக்கொட்டகை பையன்களுக்கு வாடகை அறையானது. இரண்டாவது வீடு தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையானது. அவர் அந்த வீட்டையும் விடவில்லை. வீடு இருந்த இடத்தில், தார்ச்சாலையின் நடுவில் நின்று, படிவத்தை விரித்து, பதில் சொல்ல ஆளில்லை என்று நிதானமாக எழுதினார். பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "அவசரப்பட்டா எழுத்து கோணிடும், செகரட்டரி" என்றார் என்னிடம்.

பருவத்துக்கு ஒரு தடவை என்று வருஷத்தில் மூன்று முறை வருவார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் படிவம், கையேடு, ஒரு ஸ்பிரிங் தராசு. கையில் ஓர் எவர்சில்வர் வாளி. சங்கத்தில் நாங்கள் பாலை லிட்டரில் அளப்போம், அவருக்குக் கிலோதான். முதலில் வெறும் வாளியைத் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பார். அதே வாளியை அவர் ஐந்து வருஷமாக வைத்திருந்தார். இருந்தும் ஒவ்வொரு காலையும் புதிதாகச் சந்தேகப்பட்டார்.

வாயால் சொல்லும் எண் எதையும் அவர் எழுத மாட்டார். அதில் நியாயம் இருந்தது என்று செயலாளர் என்ற முறையில் நானே சொல்வேன். ஒரே மாடு ஒரே நாளில் மூன்று அளவு கறக்கும் ஊர் எங்களுடையது. கடன் கொடுக்க வங்கிக்காரர் வந்தால் பத்து லிட்டர். பக்கத்து வீட்டுக்காரி காதில் விழும் என்றால் நான்கு. பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில், "எங்க அளக்கறோம், வூட்டுக்குப் போவ மிச்சத்த ஊத்திடறோம்." இதையெல்லாம் கேட்டு எழுத மற்ற துறைகள் இருந்தன. அவர் விடியற்காலை நாலரைக்கு வந்து மாட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்.

அங்கேதான் சிக்கல். பேண்ட் போட்ட ஆளைக் கண்டால் மாடு சுரப்பு விடாது. மூன்றாவது வீட்டுப் பசு அவரைப் பார்த்ததும் மடியை இறுக்கிக்கொண்டது. கறந்தால் அரைக் கிலோ. அதையும் எழுதினார். மறுநாள் அந்த வீட்டுக்காரரின் லுங்கியை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு வந்து நின்றார். பசு ஏமாந்தது. முக்கால் வாளி நிறைந்த பிறகு திரும்பி முகத்தைப் பார்த்துவிட்டு ஓர் உதை விட்டது. வாளி உருண்டது.

"மூணு கிலோ இருக்கும் சார், போட்டுக்குங்க" என்றேன்.

"சிந்தினதை யார் எடை போட்டா?" என்றார். குறிப்பு என்ற இடத்தில் 'கறந்தது சிந்தியது. அளக்க இயலவில்லை' என்று எழுதி, லுங்கியில் ஒட்டிய சாணியை அலசிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கன்று குடிக்கும் பாலையும் சேர்க்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. மற்ற ஊர்களில் அதற்கு ஓர் எண்ணை உத்தேசமாகப் போட்டுவிடுவார்களாம். இவர் கன்றை ஊட்ட விடுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார். 1999 தை மாதம், நானும் இன்னும் மூன்று பேரும் ஒரு கன்றுக்குட்டியைச் சிமென்ட் கடைத் தராசுக்கு இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனோம். இரண்டாவது முறை, தராசு ஏறுவதற்கு இரண்டடி முன்னால் கன்று மூத்திரம் பெய்துவிட்டது. நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். "நாளைக்கு முதல்லேருந்து" என்றார்.

மறுநாள் அந்த மூன்று பேரும் ஊரில் இல்லை.

எனக்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கொஞ்சம் ஈடுபாடு உண்டு. மணிமங்கலம் கோயிலுக்குப் போனால் சாமி கும்பிடுவதைவிடச் சுவரைப் படிப்பதில்தான் நேரம் போகும். அந்தக் காலத்தில் கோயில் விளக்குக்கு நெய்க்காக ஆடு கொடுத்தால், அதைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டுவார்கள். சாகாது, கிழடாகாது, எண்ணிக்கை குறையாது. இதை அவரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"எனக்கு முன்னாடி இந்த வட்டத்தைப் பார்த்தவரும் அப்படித்தான் எழுதினார்" என்றார். "அவர் எழுதின மாடு ஒண்ணு, ரெண்டு வருஷமாக் கன்னே போடாம கறந்துக்கிட்டு இருந்துச்சு. அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துட்டாங்க."

2003-இல் மூன்றாவது வீட்டுக்காரரும் மாட்டை விற்றுவிட்டு கம்பெனி பஸ் ஓட்டப் போனார். அந்தக் கோடையிலிருந்து எங்கள் ஊரின் பால் உற்பத்தி, அறிவியல் முறைப்படி, பூஜ்யம் ஆனது. சங்கத்தில் பதினேழு பேர் தினமும் இரண்டு வேளை பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். அவர்கள் யாரும் பட்டியலில் இல்லை.

செப்டம்பரில் பால் வண்டியின் மேற்பார்வையாளர் சொன்னார், சர்வேயில் பாலே இல்லாத ஊர்களுக்கு வண்டியை நிறுத்தப் போகிறார்கள் என்று. எங்கள் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டேதான் சொன்னார். நான் சங்கத்து ரிஜிஸ்டர்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். "இது நீங்க எழுதினது. அது சர்வே" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

வண்டி நின்றால் முதலில் நிற்பது தனத்தின் அடுப்பு. பையன்கள் தங்கிய கொட்டகைச் சுவரை ஒட்டியது அவள் வீடு. மூன்று மாடு. புருஷன், தான் உழுத நிலத்தின்மேல் எழும்பிய கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி. ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் ஒப்பந்ததாரர் மாற்றம். பால்தான் மாதாமாதம் வந்தது. எங்களை விட்டால் அடுத்த பால் சேகரிப்பு நிலையம் தண்டலத்தில். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே கேனோடு சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் வெயிலில் பால் திரிந்துவிடும்.

நவம்பரில் அவர் வந்தபோது தனம் வழியை மறித்து நின்றாள்.

"இன்னா சார், என் மாடு மாடு இல்லியா?"

"மாடுதாம்மா."

"கண்ணுக்கு எதிர்ல கட்டிக்கினு கீது. அத எழுத இன்னா கஷ்டம்?"

"உங்க வீடு பட்டியல்ல இல்லம்மா."

"பட்டியல்ல கீற வூட்ல மாடு இல்ல. மாடு கீற வூடு பட்டியல்ல இல்ல. இன்னா சர்வே சார் இது?"

"மாதிரி சர்வேம்மா" என்றார் அவர், பணிவாக.

நான் அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினேன். கொட்டகை வீட்டுக்கு நேரே ஒரு நான்கு கிலோ போடுங்கள், வண்டி நிற்காது, யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. "எந்த வாளியில?" என்று மட்டும் கேட்டார்.

தனம் என்னைப் போல வாதாடிக்கொண்டிருக்கவில்லை. மறுநாள் காலை அவர் படிவத்தோடு கொட்டகைக்குப் போனபோது, வாசல் வேப்பமரத்தில் அவளுடைய சிவப்புப் பசு கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் இசக்கி, கம்பெனி சட்டையோடு, கையில் வைக்கோல்.

"மாடு யாருடையது?"

"எங்களோடதுதான் சார்" என்றான் இசக்கி.

"எத்தனாவது ஈத்து?"

இசக்கி கொம்பைப் பார்த்தான், மடியைத் தொட்டுப் பார்த்தான். "மூணு சார். கன்னு போட்டு ரெண்டு மாசம் இருக்கும்." சரியாகச் சொன்னான். சுவருக்கு அந்தப் பக்கம் தனம் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

"தீவனம் யார் வைக்கிறது?"

"தனம் அக்கா."

"அவங்க இந்த வீட்டு ஆளா?"

"இல்ல சார். அக்காதான் எங்களுக்குச் சோறு பொங்கிப் போடுதாவ." சொன்ன பிறகுதான் பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எத்தனை நாளா?"

"வந்த நாள்லருந்து சார், பங்குனியிலருந்து."

"மூணு வேளையுமா? இங்க தனியா அடுப்பு இல்லையா?"

"இல்ல சார்."

அவர் கையேட்டை எடுத்தார். குடும்பம் என்றால் என்ன என்று அதில் ஒரு பக்கம் உண்டு. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கூரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்று முறை படித்துப் பார்த்தார். பிறகு தனத்தின் வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறையில் எத்தனை அடுப்பு என்று எண்ணினார். ஒன்றுதான்.

"அம்மா, உங்க குடும்பத்துல பதிமூணு பேர்" என்றார். "குடும்பத் தலைவின்னு உங்களையே போட்டுக்கறேன். பட்டியல்ல இருக்கிற வீடு உங்க வீட்டோட ஒரு பகுதி. மாடு மூணும் உள்ள வருது."

தனத்துக்கு உடனே புரியவில்லை. "இந்த மாடு என்ன சார், என்னுதா, இவனுங்களுதா?"

"குடும்பத்தோடது. பொய் சொல்லாதீங்கன்னு தம்பிகிட்ட சொல்லுங்க. தேவையே இல்ல."

இசக்கி தலையைச் சொறிந்தான். "அப்ப அக்கா, நாங்க ஒனக்கு யாரு?"

"தின்னுப்புட்டுத் தட்டு கழுவாத பசங்கோ" என்றாள் தனம். அவர் 'உறவினர் அல்லாதவர்' என்று பதினோரு முறை எழுதினார்.

அடுத்த நாள் விடியற்காலை லுங்கி கட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை அவருடைய சொந்த லுங்கி. மூன்று மாட்டையும் எடை போட்டார். காலையில் பதினோரு கிலோ நானூறு, மாலையில் எட்டு கிலோ நூறு. என் டைரியில் அந்தப் பக்கத்தில் ஆச்சரியக்குறி ஒன்று இருக்கிறது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஆக, சட்டமும் உண்மையும் ஒரே படிவத்தில் சந்தித்தன. அலுவலகம் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கொட்டகை வீட்டில் பதிமூன்று பேர், மூன்று மாடு, போன பருவம் பூஜ்யம். சரிபார்த்து அறிக்கை தருமாறு ஒரு மேலதிகாரியைத் தனியாக அனுப்பினார்கள். அனுப்ப அவர்களுக்கு 2004 பிப்ரவரி ஆகிவிட்டது. அதற்குள் பையன்களின் பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது மாதம் வைத்துக்கொண்டால் நிரந்தரம் கேட்பார்கள் என்ற அச்சம் கம்பெனிக்கு. ஒரு சனிக்கிழமை எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இசக்கி ஓசூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். கொட்டகையில் பூட்டு தொங்கியது.

மேலதிகாரி ஜீப்பை விட்டு இறங்கிப் பூட்டைப் பார்த்தார். "பதிமூணு பேர், மூணு மாடு" என்று படிவத்தைத் தட்டினார். "பூட்டின வீட்ல."

"என் மாடு சார் அது. இங்க பாருங்க, நிக்குது" என்றாள் தனம்.

"உங்க வீடு பட்டியல்ல இல்லம்மா."

நடந்ததை நான் விளக்கினேன். அடுப்பு, கையேடு, ஒப்பந்தம் எல்லாம் சொன்னேன். மேலதிகாரி முழுவதும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. சங்கத்து அறையில் உட்கார்ந்து, தனம் கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு, பேனாவைத் திறந்தார். பூஜ்யம் என்று எழுதினால் நவம்பர் அறிக்கை பொய் என்றாகும், அதை மேலே அனுப்பிய தானே பதில் சொல்ல வேண்டும். அப்படியே விட்டால் பதிமூன்று பேரைக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நியாயமாக ஏதாவது இருக்கும் என்று அவர் நம்பினார்.

"மூணு மாடு ஜாஸ்தி. ஒண்ணு போதும்" என்றார். "எவ்ளோ கறக்கும்? ஆறு கிலோ போடலாமா? சரி, ஆறு கிலோ இருநூறு. முழுசாப் போட்டா நல்லா இருக்காது."

பூட்டிய வீட்டில் இல்லாத ஒரு மாடு ஆறு கிலோ இருநூறு கறந்தது. கீழே சாட்சி கையெழுத்துக்கு இடம் இருந்தது. தனம் கதவோரம் நின்றிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன், தேதியோடு.

வண்டி நிற்கவில்லை. குடும்பத்தின் அளவை மிகைப்படுத்தியதற்காக சர்வேக்காரரிடம் விளக்கம் கேட்டார்கள். கையேட்டின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு அவர் பதில் எழுதினார். அது அவர்களுக்கு இன்னும் பிடிக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள், கோழிமுட்டைப் பிரிவுக்கு. மாவட்டங்களிலிருந்து மற்றவர்கள் எழுதி அனுப்பும் முட்டைகளை மேசையில் உட்கார்ந்து கூட்ட வேண்டும். யாரோ அவரை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

மார்ச் இரண்டாம் வாரம் ஒரு மாலை, விடைபெற்றுக்கொள்ள சங்கத்துக்கு வந்தார். பையில் தராசு இல்லை, ஒப்படைத்துவிட்டாராம். வாசலில் பால் வண்டி நின்றிருந்தது. தனம் தன் பாலை ஊற்றிவிட்டு, கேனைக் கவிழ்த்துக் கடைசித் துளிக்காகக் காத்திருந்தாள்.

"செகரட்டரி, ஒண்ணு கேக்கணும்" என்றார். "மேலதிகாரி ஒரு மாடுன்னு எழுதியிருக்கறதாச் சொன்னாங்க. பையன்கள் போனதும் குடும்பம் பிரிஞ்சிருக்கும். யாராவது ஒரு மாட்டோட அங்க குடி வந்திருக்கலாம். அது சரிதான். எடை போட்டாரில்ல?"

இல்லை என்று சொன்னால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அன்று இரவே மேலே எழுதுவார், கோழிமுட்டைப் பிரிவிலிருந்தாவது எழுதுவார். வாரத்துக்குள் வண்டி நிற்கும். தனம் கேனை நிமிர்த்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டார்" என்றேன்.

"எவ்வளவு?"

"ஆறு கிலோ இருநூறு."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஐந்து வருஷமாக அவர் கையால் எடை போட்ட பால் முழுக்க அதில் இருந்தது. உதைபட்டுச் சிந்தியதற்குக்கூட ஒரு வரி வெற்றாக விட்டிருந்தார். கடைசி வரிக்குக் கீழே, அவசரமில்லாமல், 6.200 என்று எழுதினார். பக்கத்தில் என் பெயரையும் எழுதி, 'நேரில் பார்த்தவர்' என்று சேர்த்தார்.

"தேதி?" என்றார்.

சொன்னேன். தேதி மட்டும் சரி.